மூலமும் படியும்: அலுவலகத் தரவுத்தளத்தைப் பேணும் முறை

ஓர் அலுவலகத்தின் உயிர் அதன் ஏடுகளில் இருக்கின்றது. கட்டடம் எரிந்துபோனால் மீண்டும் கட்டலாம். மேசை நாற்காலிகள் பழுதுபட்டால் வேறு வாங்கலாம். யாருக்கு எவ்வளவு சம்பளம் சேரவேண்டும், எந்த மாணவன் எந்நாளில் பள்ளியிற் சேர்ந்தான், எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒவ்வாது என்னும் செய்திகளை எழுதிவைத்த ஏடு அழிந்துபோனால், அதனை எந்தக் கடையிலும் விலைகொடுத்து வாங்க இயலாது.

முன்னாளில் தோட்டத்து அலுவலகத்தில் செக்ரோல் புத்தகம் ஒன்றே. அதனை எழுதுகின்ற கிராணியாரும் ஒருவரே. மாலையில் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றால் காவல் முடிந்தது. இன்று அந்த ஏடு கணினிக்குள் குடிபுகுந்துவிட்டது. ஐம்பது மேசைகளில் அமர்ந்துள்ள ஐம்பது பேர் ஒரே ஏட்டில் ஒரே வேளையில் எழுதுகின்றனர், படிக்கின்றனர், திருத்துகின்றனர். பூட்டும் சாவியும் மட்டும் இதற்குப் போதுமா? போதா. இந்த ஏட்டைக் காப்பதற்கென்றே ஒரு கலை வளர்ந்திருக்கின்றது. தரவுத்தள நிருவாகம் என்பது அதன் பெயர்.

தரவும் வழங்கியும்

தரவு என்னும் சொல் தமிழாசிரியர்களுக்குப் புதியதன்று. கலிப்பாவின் முதலுறுப்புக்கு அதுவே பெயர். அச்சொல் இந்நாளில், எண்ணாகவோ எழுத்தாகவோ பதிந்துவைக்கப்பெறும் செய்திக்கூறு என்னும் பொருளிலும் வழங்குகின்றது. அத்தகைய கூறுகளை ஒழுங்குபடுத்திச் சேர்த்துவைத்த இடம் தரவுத்தளம். ஆங்கிலத்தில் சர்வர் என்பதனைத் தமிழில் வழங்கி என்றும் சேவையகம் என்றும் இருவகையாகக் கூறுவர். இக்கட்டுரையில் வழங்கி என்னும் சொல்லே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

வழங்கி என்றவுடன் ஓர் அறையில் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும் பெரிய இயந்திரத்தையே பலரும் நினைக்கின்றனர். அவ்வியந்திரத்திற்கும் அப்பெயர் உண்டு. ஆயினும், அதனுள் இயங்கும் மென்பொருளே உண்மையில் வழங்குகின்ற வேலையைச் செய்கின்றது. அஞ்சலகத்தில் சாளரத்துக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் எழுத்தரை இதற்கு உவமையாகச் சொல்லலாம். மக்கள் உள்ளே புகுந்து பெட்டிகளைத் திறப்பதில்லை. வேண்டியதைச் சாளரத்தில் கேட்கின்றனர். எழுத்தர் எடுத்துத் தருகின்றார். அவ்வாறே அலுவலகக் கணினிகள் வலையமைப்பின் வழியே வழங்கியிடம் கேட்கின்றன. ஏட்டைத் தொடும் உரிமை வழங்கி ஒன்றுக்கே உண்டு.

இம்முறைக்கு அடிப்படை அமைத்தவர் எட்கார் காட் என்னும் அறிஞர். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், செய்திகள் அனைத்தையும் அட்டவணைகளாக அமைத்து, அவற்றுக்கிடையேயுள்ள உறவுகளைக் கணித நெறிப்படி கையாளலாம் என்று காட்டினார். கணினித் துறையின் மிகவுயர்ந்த பரிசாகிய டூரிங் பரிசு 1981இல் அவருக்கு வழங்கப்பட்டது. அவர் காட்டிய வழியில் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் இன்கிரஸ் என்னும் மென்பொருளும், 1986இல் தொடங்கிய ஆய்வின் பயனாகப் போஸ்ட்கிரஸ் என்பதும் தோன்றின. பின்னது 1996இல் போஸ்ட்கிரஸ்-க்யூ-எல் எனப் பெயர் பெற்றது. விலையின்றிக் கிடைப்பதால் சிறிய அலுவலகங்களும் இதனை ஏற்று நடத்துகின்றன. இக்கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டுகள் பலவும் இதனைச் சார்ந்தவையே.

இயந்திரம் தானே காப்பது

ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவர் கணக்கிலிருந்து மற்றொருவர் கணக்குக்கு 500 வெள்ளி மாற்றவேண்டும் என்று கொள்வோம். முதற்கணக்கில் கழிக்கவேண்டும், இரண்டாம் கணக்கிற் கூட்டவேண்டும். கழித்த பின்னர், கூட்டுவதற்கு முன்னர், மின்சாரம் நின்றுவிட்டால் அந்த 500 வெள்ளி என்னாவது?

நல்ல வழங்கியில் இத்தகைய இழப்பு நேராது. இரண்டு செயலையும் ஒரே பரிமாற்றமாக அது கருதும். முழுவதும் நடந்தால் நடந்ததாகும். இல்லையேல் எதுவுமே நடவாததாகும். இதற்கு அது கையாளும் உபாயம் எளியது. ஏட்டில் எதனையும் திருத்துவதற்கு முன், தான் செய்யப்போவதைத் தனிக்குறிப்பேடு ஒன்றில் எழுதிக்கொள்கின்றது. முன்னெழுதும் குறிப்பேடு என்று அதனைச் சொல்லலாம். மின்சாரம் மீண்டு வந்தவுடன் முதல் வேலையாக அக்குறிப்பேட்டைப் படித்து, முடிந்தவற்றை ஏட்டில் நிலைநிறுத்தும். முடியாதவற்றைக் கணக்கிற் கொள்ளாது விட்டுவிடும்.

இருவர் ஒரே வரியை ஒரே நேரத்தில் திருத்த வந்தால், ஒருவர் முடிக்கும் வரை மற்றவரைக் காத்திருக்கச் செய்யும். இவையெல்லாம் இயந்திரமே செய்துகொள்ளும் காவல்.

ஆனால், இயந்திரத்தால் இயலாத காவல் ஒன்று உண்டு. உரிமையுடைய ஒருவர் தவறான ஆணையை இட்டால், அது தவறு என்று வழங்கிக்குத் தெரியாது. 'அழி' என்றால் அழித்துவிடும். திருடன் நல்லவருடைய கடவுச்சொல்லோடு வந்தால் நல்லவர் என்றே நம்பி ஏட்டைத் திறந்துகாட்டும். ஆகவேதான் மனிதராகிய நிருவாகி இன்றியமையாதவராகின்றார். அவருடைய கடமைகளை மூன்றாக வகுத்துக் காணலாம்.

முதற் கடமை: வாயில் காத்தல்

போஸ்ட்கிரஸ் மென்பொருளைப் புதிதாக நிறுவும்பொழுது, அது தான் இருக்கும் கணினியிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டுமே செவிகொடுக்கும். அலுவலகத்தின் பிற கணினிகளுக்கும் வாயிலைத் திறந்துவிடுதல் நிருவாகியின் வேலை. எவர், எந்தக் கணினியிலிருந்து, எந்தத் தரவுத்தளத்துக்கு, எந்தச் சான்றைக் காட்டி வரலாம் என்பதை ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிவைக்கவேண்டும். வழங்கி அதனை மேலிருந்து கீழாகப் படித்து, முதலிற் பொருந்தும் வரியின்படி முடிவு செய்யும். எவ்வரியும் பொருந்தாவிடில் வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடும். வரிசை மாறினால் காவலும் மாறிவிடுமாதலால், இக்கோப்பை எழுதுவதில் மிகுந்த கவனம் வேண்டும்.

உள்ளே வந்தவர் என்ன செய்யலாம் என்பது அடுத்த வினா. பார்த்தல், சேர்த்தல், திருத்தல், அழித்தல் என்னும் நான்கு உரிமைகளையும் தனித்தனியே வழங்கலாம். தனித்தனியே திரும்பப் பெறலாம். வகுப்பாசிரியர் தம் மாணவரின் மதிப்பெண்ணைத் திருத்தவேண்டும். சம்பள ஏட்டைப் பார்க்க வேண்டியதில்லை. கணக்கர் சம்பள ஏட்டைப் பார்க்கவேண்டும். மதிப்பெண்ணைத் தொட வேண்டியதில்லை. வேலைக்கு வேண்டிய அளவு உரிமையைக் கொடுப்பதும், அதற்கு மேல் ஒரு சிறிதும் கொடாதிருப்பதுமே இதற்குரிய நெறி. இதனை ஐயப்பாட்டின் அடையாளமாகக் கொள்ளுதல் கூடாது. ஒருவரிடம் இல்லாத உரிமையை அவர் தவறுதலாகப் பயன்படுத்தவும் முடியாதாகையால், இந்நெறி பணியாளரையும் காக்கின்றது.

இரண்டாம் கடமை: கண்காணித்தல்

வாயிலைப் பூட்டிவிட்டு உறங்கிப்போகும் காவலனால் பயனில்லை. 2003ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், ஸ்லாமர் எனப் பெயரிடப்பட்ட தீநிரல் ஒன்று, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தரவுத்தள வழங்கிகளிலிருந்த ஒரு குறையின் வழியே புகுந்தது. அதன் அளவு 376 பைட்டுகளே. அஃதாவது, சிறு கடிதமொன்றின் எழுத்தளவுதான். ஆயினும், தாக்கத் தக்க நிலையிலிருந்த கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பத்து நிமிடங்களுக்குள் அது பற்றிக்கொண்டது. அக்குறையைச் சரிசெய்யும் திருத்தம் 2002 சூலையிலேயே வெளியாகியிருந்தது என்பது கருதத்தக்கது. மருந்து ஆறு மாதமாகக் கையிலிருந்தும் உண்ணாதவர்களே நோய்ப்பட்டனர்.

சிங்கப்பூர் வாசகர்கள் மறந்திருக்க முடியாத மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 2018ஆம் ஆண்டு சூன் 27 முதல் சூலை 4 வரை, சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் நோயாளிகளின் சொந்த விவரங்கள் களவாடப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 1,60,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் பட்டியலும் அதனோடு சென்றது. பிரதமராயிருந்த லீ சியன் லூங் அவர்களின் விவரமும் அதிலடங்கும்.

அக்களவு எவ்வாறு நின்றது? சூலை 4ஆம் நாள், தரவுத்தள நிருவாகி ஒருவர், வழக்கத்துக்கு மாறான வினாக்கள் வழங்கிக்கு வருவதைக் கண்டு ஐயுற்றார். அவை தடுத்து நிறுத்தப்பட்டன. ஒருவரின் விழிப்பு ஒரு நாட்டுக்கு உதவியது. எனினும், இதற்கு மறுபுறமும் உண்டு. 2019 சனவரியில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, பகைவர் 2017ஆம் ஆண்டிலேயே வலையமைப்பினுள் கால் வைத்துவிட்டனர் என்றும், 2018 சூனில் தோல்வியுற்ற நுழைவு முயற்சிகள் பணியாளர் கண்ணிற் பட்டும் மேலிடத்துக்கு உரிய காலத்தில் அறிவிக்கப்படவில்லை என்றும் எடுத்துக்காட்டியது. காண்பது பாதிக் கடமை; கண்டதை உரியவரிடம் உடனே சொல்வது மறுபாதி.

மூன்றாம் கடமை: படி பேணுதல்

பெரியபுராணத்தில் சுந்தரர் வரலாற்றை அறியாத தமிழாசிரியர் இரார். முதியவர் கொணர்ந்த அடிமையோலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்கு அவ்வளவில் முடியவில்லை. கிழிபட்டது படியோலை, மூலவோலை வேறாக இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் அது காட்டப்பட்டபொழுது, அவையோர் அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. காவலில் இருந்த வேறோர் ஓலையைக் கொணர்வித்து, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஏற்றனர். மூலமும் படியும் வெவ்வேறிடத்தில் இருத்தல், ஒப்பிட்டுச் சோதித்தல் என்னும் இரண்டும் அக்கதையில் உள்ளன. தரவுத்தள நிருவாகிக்கும் அவ்விரண்டுமே வேதம்.

படி இருவகைப்படும். ஒன்று இணைப்படி. இதனை வேறொரு கணினியில் வைத்திருப்பர். மூலத்தில் ஒரு வரி எழுதினால் சில நொடிகளுக்குள் இணைப்படியிலும் அவ்வரி எழுதப்படும். மூலக்கணினி பழுதுபட்டால் இணைப்படி அதன் இடத்தில் அமர்ந்து வேலையைத் தொடரும். மற்றொன்று காப்புப்படி. குறித்த ஒரு நேரத்தில் ஏடு இருந்த நிலையை அவ்வாறே எடுத்துத் தனியே வைப்பது இது.

'இணைப்படி இருக்கும்பொழுது காப்புப்படி எதற்கு?' என்று சிலர் வினவுவர். வினவுதற்குக் காரணமும் உண்டு, இரண்டும் படிகளே. ஆனால், மூலத்தில் ஒருவர் தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்தால், இணைப்படி அந்த அழிவையும் உண்மையுடன் படியெடுத்துவிடும். நேற்றைய நிலைக்குத் திரும்பிச் செல்லக் காப்புப்படி ஒன்றே துணை. இயந்திரக் கோளாறுக்கு இணைப்படி; மனிதத் தவறுக்குக் காப்புப்படி.

ஐந்து வழிகள் இருந்தும்

இவ்வேறுபாட்டை உலகமே கண்டறிந்த நிகழ்ச்சி, 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் நடந்தது. கிட்லேப் என்னும் நிறுவனம், உலகெங்குமுள்ள நிரலாளர்கள் எழுதும் நிரல்களைச் சேமித்துவைக்கும் தொழிலை நடத்துவது. அதன் தரவுத்தளம் போஸ்ட்கிரஸில் இயங்கியது. மூலம் ஒரு வழங்கியிலும் இணைப்படி ஒரு வழங்கியிலும் இருந்தன.

அன்றிரவு வேலைச்சுமை மிகுந்து, இணைப்படி மூலத்தைப் பின்தொடர இயலாமல் நின்றுவிட்டது. அதனைச் செப்பனிடப் பொறியாளர் ஒருவர் முனைந்தார். இரவு வெகுநேரமாயிற்று, வேலையை முடித்துக்கொள்ளப் போகின்றேன் என்று அவர் முன்னரே சொல்லியிருந்தார். சிக்கல் தீராமையால் தங்கிவிட்டார். இணைப்படியைப் புதிதாக எடுப்பதற்கு முதலில் பழைய கோப்புகளை அகற்றவேண்டும். உலகப் பொது நேரப்படி இரவு 11.30 மணியளவில் அகற்றும் ஆணையை இட்டார். ஓரிரு நொடிகளில் அவருக்கு உண்மை புலப்பட்டது. ஆணை சென்ற இடம் இணைப்படி வழங்கியன்று, மூல வழங்கி! உடனே நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் அளவிருந்த தரவில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியது. இணைப்படியோ ஏற்கெனவே வெறுமையாக்கப்பட்டிருந்தது.

காப்புப்படிகளைத் தேடினர். நாள்தோறும் எடுக்கப்பட்டு வெளியிடத்தில் சேரவேண்டிய படிகள் அங்கே இல்லை. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பு, படியெடுக்கும் கருவியோ 9.2ஆம் பதிப்பு. பதிப்புகள் பொருந்தாமையால் படியெடுப்பு நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் புறப்பட்டன. அவற்றில் முறையான ஒப்பம் இல்லாமையால் அஞ்சல் வழங்கி அவற்றை ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே, ஒருவருக்கும் செய்தி எட்டவில்லை. வட்டின் நிலையைப் பதிவுசெய்யும் வேறொரு வசதி தரவுத்தள வழங்கிகளுக்கு ஏற்படுத்தப்படவே இல்லை. இவ்வாறு வழிகள் பல இருந்தும், ஒன்றொன்றாகக் கைவிட்டன.

எஞ்சியது ஒன்றே. அன்று மாலை ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன்னர், வேறொரு சோதனைக்காகப் பொறியாளர் ஒருவர் தற்செயலாக ஒரு படி எடுத்திருந்தார். அதுவே நிறுவனத்தைக் காப்பாற்றியது. அதனை மெதுவாக இயங்கும் வட்டுகளிலிருந்து பெயர்த்துச் சேர்க்க ஏறத்தாழ 18 மணி நேரமாயிற்று. நிரல்கள் தனியிடத்தில் இருந்தமையால் தப்பின. ஆனால், அந்த ஆறு மணி நேரத்தில் உருவான ஏறத்தாழ 5,000 திட்டங்களின் பதிவுகளும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் மீளவில்லை.

தவறு எங்கே?

விரல் தவறியது ஒருவருக்கு. எனினும், நிறுவனம் அவர்மேற் பழி சுமத்தவில்லை. நடந்ததை மறையாது எழுதி உலகறிய வெளியிட்டது. 'ஏன்?' என்னும் வினாவை அடுக்கடுக்காக எழுப்பிக்கொண்டு காரணத்தைத் தேடியது. படி ஏன் இல்லை? எடுப்பு தோற்றது. ஏன் தெரியவில்லை? அறிவிப்பு எட்டவில்லை. படியை மீட்டுப் பார்க்கும் சோதனை ஏன் நடைபெறவில்லை? அதற்குப் பொறுப்பாளர் என்று எவரும் குறிக்கப்படவில்லை. இதுவே அடிக்காரணமாகக் கண்டது. களைத்த ஒருவரின் விரல் எந்நாளும் தவறக்கூடும். அத்தவறு பேரிழப்பாக மாறாமல் தடுக்கவேண்டிய ஏற்பாட்டுக்கு உரியவர் இல்லாமையே உண்மைத் தவறு.

இதிலிருந்து அவர்கள் கற்றுச் செய்த மாற்றங்களுள் ஒன்று மிகச் சிறியது, ஆயினும் அழகியது. எந்த வழங்கியில் வேலை செய்கின்றோம் என்பது ஒரு பார்வையிலே விளங்கும்படி, உண்மை வழங்கிக்கு ஒரு நிறமும் சோதனை வழங்கிக்கு வேறு நிறமும் திரையில் தோன்றச் செய்தல் என்பது அது.

சிறிய அலுவலகம் செய்யத்தக்கது

ஒரு பள்ளியோ சங்கமோ தன் ஏட்டைத் தரவுத்தளத்தில் வைத்திருந்தால், பின்வரும் ஒழுங்குகளைப் பெருஞ்செலவின்றிக் கைக்கொள்ளலாம்.

முதலாவதாக, நாள்தோறும் அலுவல் முடிந்தபின் காப்புப்படி எடுக்கவேண்டும். முழுப்படி ஒன்றோடு, அதன்பின் எழுந்த முன்னெழுதும் குறிப்பேடுகளையும் சேர்த்துவைத்தால், புதன்கிழமை காலை 10.14 மணிக்கு ஏடு எந்நிலையில் இருந்ததோ அந்நிலைக்கே திரும்பிச் செல்லப் போஸ்ட்கிரஸ் வழிசெய்கின்றது. 10.15க்கு நேர்ந்த தவற்றை அவ்வாறு தவிர்க்கலாம்.

இரண்டாவதாக, படிகள் மூன்று இருத்தல் நலம். அவை இருவகைப் பொருள்களில் பதிந்திருத்தல் வேண்டும். ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருத்தல் வேண்டும். வழங்கி இருக்கும் அறையிலேயே படியும் இருந்தால், வெள்ளமும் தீயும் இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும்.

மூன்றாவதாக, திங்களுக்கு ஒருமுறையேனும் ஒரு படியை எடுத்து, மூலத்துக்குத் தொடர்பில்லாத வேறொரு கணினியில் விரித்து, ஏடு முழுமையாக வருகின்றதா என்று பார்க்கவேண்டும். அட்டவணைகளின் வரிகளை எண்ணி மூலத்தோடு ஒப்பிடலாம். தெரிந்த மாணவர் சிலரின் பதிவைப் படித்துப் பார்க்கலாம். விரித்தெடுக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் குறித்துவைத்தல் நன்று. இடர் வரும் நாளில், 'எப்பொழுது மீளும்?' என்று கேட்போர்க்கு அக்குறிப்பே விடையாகும்.

நான்காவதாக, இவ்வளவுக்கும் இன்னாரே பொறுப்பு என்று ஒருவர் பெயரைத் தாளில் எழுதவேண்டும். அவர் விடுப்பிற் சென்றால் செய்பவர் பெயரையும் அதன் கீழ் எழுதவேண்டும். 'எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்ட வேலையை ஒருவரும் பார்ப்பதில்லை.

இந்நான்கினுள்ளும் மூன்றாவதே பலராற் கைவிடப்படுவது. படி எடுக்கும் வேலையை இயந்திரமே நாள்தோறும் செய்வதால், எல்லாம் நலமே என்னும் நினைப்பு வந்துவிடுகின்றது. கிட்லேப் நிறுவனத்திலும் இயந்திரம் நாள்தோறும் முயன்றுகொண்டுதான் இருந்தது. படி மட்டும் இல்லை.

படி என்னும் சொல்லுக்கு நகல் என்பது ஒரு பொருள்; கற்றுக்கொள் என ஏவுவது மற்றொரு பொருள். 'பாடத்தைப் படித்துவிட்டேன்' என்று மாணவன் சொன்னால், ஆசிரியர் அச்சொல்லோடு அமைவதில்லை. 'எங்கே, ஒப்பி' என்கின்றார். ஒப்பித்தால்தான் படித்தது உறுதி. 'படி எடுத்துவிட்டோம்' என்று அலுவலகம் சொல்லும்பொழுதும் அவ்வினாவையே எழுப்பவேண்டும்: 'எங்கே, மீட்டுக் காட்டு.' மீட்டுக் காட்டாத படி, ஒப்பிக்காத பாடம் போன்றது. அது இருப்பதாக எண்ணிக்கொள்ளலாமே அன்றி, இடர்ப்பட்ட வேளையில் அதன்மேல் ஏட்டை நம்பி வைக்க இயலாது.